கண்ணில்லாத காவல்காரி

"உள்ள போறதுக்கு முன்னாடியே ரெண்டு பேரு முறைக்கிறாங்க மேடம். உள்ள இன்னும் எத்தனை பேரோ" என்றான் ரேடியோ, ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டபடி.

வாசலின் இரு பக்கமும் இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருந்தன. ஒன்று வாயைப் பிளந்திருந்தது. மற்றது இறுக மூடியிருந்தது.

"மூடியிருக்கிறதைப் பார்த்துக் கத்துக்கோ" என்றாள் ஆந்தை.

இரண்டுமே அப்பா அம்மா வைத்த பெயர்கள் இல்லை. அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில், எதிரே இருப்பவர் தானாக உளறும் வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் ஆந்தை. அவன் ஊசி குத்தும்போதுகூட நர்ஸிடம் வம்பளப்பான். அதனால் ரேடியோ.

காலையில்தான் அவர்களுடைய துப்பறியும் ஆபீஸுக்குப் போன் வந்தது. கப்பலில் கேப்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் உப்புக்காற்று அடித்தது. "என் வீட்டுல இருக்கிற காவல் சாமியெல்லாம் நடக்குதும்மா. எனக்குப் புத்தி தடுமாறிடுச்சுன்னு இன்னிக்கு சாயங்காலம் டாக்டர் கையெழுத்துப் போடப் போறார். போட்டுட்டா என் பொறுப்பு என் தம்பி கைக்குப் போயிடும், என்னை ஒரு இல்லத்துல கொண்டுபோய் விட்டுடுவாங்க. வீடும் போயிடும். அதுக்குள்ள வந்து யார் நடக்கிறதுன்னு கண்டுபிடி. நானே நடத்துறேன்னா அதையும் சொல்லிடு. தாங்கிக்கிறேன்."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் ஆந்தை கிளம்பி வந்தாள்.

ஹாலின் ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி. உள்ளே உலகம் முழுவதும் இருந்து வந்த காவல்காரர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். மனிதத் தலையும் காளை உடலும் ஐந்து கால்களுமாக ஒன்று. நாக்கை நீட்டிச் சிரிக்கும் சிங்கமுகக் குட்டையன் ஒன்று. பனி தேசத்து வீடுகளில் அடுப்புக்குப் பின்னால் குடியிருக்கும் தாடிக் குள்ளன் ஒன்று. கடைசித் தட்டில், முழங்கை உயரத்தில் ஒரு மரப் பெண். மூக்கு இருந்தது, காது இருந்தது. கண் இருக்க வேண்டிய இடம் வழவழவென்று வெறுமையாக இருந்தது.

"ஒவ்வொரு துறைமுகத்துலயும் ஒண்ணு வாங்குவேன்" என்றார் கேப்டன். எழுபதைத் தாண்டியும் கப்பல் தளத்தில் நிற்பவர் போலக் காலை அகட்டி நின்றார். "இதுங்கள்ல எதுவும் சும்மா நிக்கிற பொம்மை இல்ல. ஒண்ணு வாசலைக் காக்கும், ஒண்ணு அடுப்பைக் காக்கும், ஒண்ணு தூங்குறவனைக் காக்கும்."

"வாடகையைக் காக்கிறது ஏதாவது இருக்கா சார்?" என்றான் ரேடியோ.

"எதெது நடந்துச்சு?" என்றாள் ஆந்தை.

"மூணு. குள்ளன் சமையல்கட்டுல டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்துல நின்னான். குட்டையன் என் கட்டில் தலைமாட்டுல. இந்தக் கண்ணில்லாதவ, டீ தட்டுல. என் கப்புக்குப் பக்கத்துல, முதுகைக் காட்டிக்கிட்டு. ஒரு தடவை இல்ல. மாத்தி மாத்தி."

"தினமுமா?"

"வாரத்துல ரெண்டு மூணு நாள். ஞாயித்துக்கிழமை மட்டும் நடந்ததே இல்ல."

"சாமிக்கும் வார விடுமுறை. நம்ம ஆபீஸைவிட நல்ல ஆபீஸ்" என்று ரேடியோ முணுமுணுத்தான்.

ஆந்தை சிரிக்கவில்லை. "உங்க உடம்பு எப்படி இருக்கு?"

கேப்டனின் குரல் இறங்கியது. "சாயங்காலம் ஆனா தலைக்குள்ள அலையடிக்குது. நாக்கு குழறுது. போன வாரம் ஹால்ல தண்ணி ஏறுதுன்னு சொல்லி சோபா மேல ஏறி நின்னேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. வேடிக்கை என்னன்னா, சாமி நடந்த அன்னைக்கெல்லாம் தெளிவா இருக்கேன். பயத்துல தெளிஞ்சிடுதோ என்னவோ."

அப்போது சமையல்கட்டிலிருந்து ஒரு தட்டு வந்தது. தட்டைப் பிடித்திருந்தவர் கேப்டனின் தம்பி. ஒடிசலான மனிதர், தேய்த்த சட்டை, தேய்த்த சிரிப்பு. பின்னாலேயே வந்தாள் கேப்டனின் மகள். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. டாக்டர் வருகிறார் என்று இன்றைக்கு அரை நாள் லீவு போட்டிருந்தாள்.

"நான் போடறேன்னுதானே சொன்னேன் சித்தப்பா."

"விருந்தாளி வந்திருக்கிற நேரத்துல உன் டீயாம்மா? இந்த வீட்ல சாயங்கால டீ என் டிபார்ட்மென்ட்." தட்டிலிருந்து நங்கூரம் வரைந்த பெரிய கோப்பையை எடுத்து அண்ணனிடம் கொடுத்தார். "சூடா இருக்கு, குடிங்கண்ணா."

"தம்பி கைப்பக்குவம் வராதும்மா யாருக்கும்" என்று கேப்டன் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனார்.

"அப்பா" என்றாள் மகள் சட்டென்று. "அந்த அஞ்சு கால் காளைக்கு ஏன் அஞ்சு கால்னு இவங்களுக்குச் சொல்லலையே நீங்க."

கோப்பை மேஜைக்குத் திரும்பியது. கேப்டனுக்குக் கதை என்றால் டீ, சாப்பாடு, தூக்கம் எல்லாம் பிறகுதான். அவர் அலமாரியைத் திறந்தார். மகள் மெதுவாக மேஜையை நோக்கிக் கை நீட்டினாள்.

"அம்மாடி, டாக்டர் வந்தா உட்கார மாடியிலேர்ந்து அந்த நல்ல நாற்காலியைக் கொண்டு வா" என்றார் தம்பி. "நான் அவருக்கு ஒரு போன் பண்ணிடறேன்."

மகள் கோப்பையைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு படியேறினாள்.

ஆந்தை அந்தப் பார்வையை மனதில் மடித்து வைத்துக்கொண்டாள். ரேடியோ தன் சின்னக் கப்பை ஒரே வாயில் முடித்திருந்தான்.

"சார், ஆறிப்போகுது உங்க டீ."

"நீயே குடிப்பா. எனக்குக் கதை பாதியில இருக்கு."

ரேடியோவுக்கு இரண்டாவது முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆந்தை மரப் பெண்ணைக் கையில் எடுத்தாள். "இவளுக்கு ஏன் கண் இல்ல?"

"அவ தீவுக்காரி. கடலுக்குப் போன ஆம்பளைங்க திரும்பி வர்ற வரைக்கும் அலையையே பார்த்துக்கிட்டு நின்னவ. பார்த்துப் பார்த்துக் கண்ணு கரைஞ்சு போச்சு."

ஆந்தை ஜன்னலைப் பார்ப்பது போலத் திரும்பிக்கொண்டு, ரேடியோவின் காலை லேசாக மிதித்தாள். அவனுக்குப் புரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவனும் கேட்டான். "சார், இந்தப் பொண்ணுக்குக் கண்ணு எங்க போச்சு?"

"அவளாப்பா? செதுக்கின ஆசாரிக்கு அவமேல பயம். கண்ணைத் திறந்தா இறங்கி நடந்துடுவான்னு கடைசி உளியை மட்டும் போடாம விட்டுட்டான்."

"சார், மேடத்துக்கு வேற மாதிரி சொன்னீங்களே."

கேப்டன் கொஞ்சமும் கூசவில்லை. "அது அவங்களுக்குச் சொன்ன கதை. இது உனக்கு. கேக்கிற ஆளைப் பார்த்துத்தானே கதை? ஒரே கதையை ரெண்டு பேருக்குச் சொன்னா கப்பல்ல யார் கேப்பா? விக்கிறவன் எனக்கு என்ன சொன்னான்னு சத்தியமா ஞாபகமில்ல. யாருக்கு எதைச் சொன்னேன்னும் ஞாபகமில்ல."

ஆந்தையின் கண்கள் இன்னும் கொஞ்சம் பெரிதாயின.

வராந்தாவுக்கு வந்ததும் ரேடியோ கிசுகிசுத்தான். "தம்பிதான் மேடம். பொம்மையை நகர்த்தி அண்ணனைப் பைத்தியமாக்கறார். டாக்டர் கையெழுத்துப் போட்டா இவர்தான் சட்டப்படி பாதுகாவலர். வீட்டை வித்துட்டுப் போயிட்டே இருப்பார். கேஸ் முடிஞ்சுது, போற வழியில போண்டா."

"அப்படித்தான் தோணுது. அதான் எனக்குப் பிடிக்கல. வா, எல்லாரையும் ஒரே கேள்வி கேப்போம்."

"என்ன கேள்வி?"

"அவளுக்கு ஏன் கண் இல்ல?"

ரேடியோ கொட்டாவி விட்டான். "கொலைக் கேஸ்ல எல்லாம் நம்ம இவ்வளவு கேவலமா கேள்வி கேட்டதில்ல மேடம்."

தம்பி வராந்தாக் கோடியில் போனை வைத்துவிட்டு நின்றிருந்தார். ஆந்தையின் கையிலிருந்த மரப் பெண்ணைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

"அதை ஏன் வெளிய எடுத்தீங்க? உள்ள வைங்க முதல்ல."

"ஒரு சந்தேகம் சார். இவளுக்கு ஏன் கண்ணில்ல?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அதை நேருக்கு நேர் பார்க்கிறவன் கண்ணை அது எடுத்துக்கும்னு அண்ணன் சொன்னார். வாங்கிட்டு வந்த புதுசுல எப்பவோ சொன்னது. சிரிப்பீங்க. சிரிங்க. நான் இந்த அலமாரியைத் தொட்டதில்ல. தூசி தட்டறதுகூட நீளக் கம்புல துணி கட்டித்தான்."

"அப்ப தட்டுல இவ நின்ன அன்னைக்கு என்ன பண்ணீங்க?"

"சமையல்கட்டுப் பக்கமே போகல. குள்ளன் நின்னப்பவும் அப்படித்தான். பொண்ணு வேலையிலேர்ந்து வந்துதான் எடுத்து உள்ள வச்சா." குரலில் இப்போது கவலை ஏறியது. ஏற்றியது போலவும் இருந்தது. "அண்ணனுக்கே தெரியாம அண்ணன்தான் மேடம் எடுத்து வைக்கிறார். ராத்திரி நடக்கிறார் போல. டாக்டர்கிட்டயும் அதான் சொல்லியிருக்கேன். மனசு கேக்கல, ஆனா என்ன பண்றது?"

ஆந்தை சிலையை அவர் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கழுத்தில் ரோமம் குத்திட்டு நின்றது. நடிப்பில் முகத்தைச் சுளிக்கலாம். கழுத்து ரோமத்தை நிறுத்த முடியாது.

"நடத்துறது இவர் இல்ல" என்றாள் ஆந்தை படியேறும்போது.

பின்னாலிருந்து "ம்" என்று மட்டும் பதில் வந்தது.

மாடி அறையில் மகள் அந்த நல்ல நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே பளபளத்த நாற்காலி. துணி ஒரே இடத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா டீ குடிச்சாரா?" என்றாள் முதல் கேள்வியாக.

"இல்ல. கதையில மறந்துட்டார்."

துணி நின்றது. தோள்கள் ஒரு அங்குலம் இறங்கின.

ஆந்தை மரப் பெண்ணைக் கட்டிலில் நிறுத்தினாள். "இவளுக்கு ஏன் கண் இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"இவளுக்குக் கண்ணு எதுக்கு? மோந்து பார்க்கிறவளாச்சே. ராஜா குடிக்கிற கிண்ணத்துக்குப் பக்கத்துல நிப்பா. உள்ள ஏதாவது கலந்திருந்தா, முதுகைத் திருப்பிக்..." பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

ஆந்தை இமைக்காமல் அவளையே பார்த்தாள்.

"டீ தட்டுல முதுகைத் திருப்பிக்கிட்டு நின்னது இந்தக் கதைதான். உங்கப்பா ஒரு கதையை ரெண்டு பேருக்குச் சொல்ல மாட்டார். எனக்கு ஒண்ணு, என் ஆளுக்கு ஒண்ணு, உங்க சித்தப்பாவுக்கு ஒண்ணு. இது உங்களோடது. சிலையை நடத்துனது நீங்கதான்."

மகள் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு லீவு. டீ நீங்க போடுவீங்க. அன்னைக்குக் காவல் தேவையில்ல. சரியா?"

"பத்து வயசுல எனக்கு ஜுரம். மருந்து கசக்குதுன்னு துப்பிட்டே இருந்தேன். இவளைக் கொண்டாந்து மருந்து டம்ளர் பக்கத்துல நிறுத்தினார். பாரு, உன்னைப் பார்த்துத்தான் நிக்கிறா, அப்ப விஷம் இல்ல, குடின்னார். குடிச்சேன்." துடைத்த துணியை மடித்து மடியில் வைத்தாள். "அப்பா இப்படி ஆகறது சித்தப்பா டீ போடற நாள்லதான்னு ரெண்டு மாசமாப் பார்க்கிறேன். ஆனா கண்ணால பார்த்தது கிடையாது."

"அப்பாகிட்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே. மறுநாள் சாப்பிடும்போது சித்தப்பா முகத்துக்கு நேரா, 'டேய், உன் டீயில என்னமோ இருக்காம்டா, பாப்பா சொல்றா'ன்னு விழுந்து விழுந்து சிரிச்சார். எங்கப்பா வாயில எதுவும் நிக்காது மேடம். எல்லாம் அவருக்குக் கதை. அதான், அவருக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச பாஷையில சொல்லலாம்னு வேலைக்குப் போறப்ப இவளை டீ தட்டுல வச்சிட்டுப் போனேன். குள்ளனையும் குட்டையனையும்கூட அப்படித்தான் வச்சேன். பார்த்ததும் புரிஞ்சுக்குவார்னு நினைச்சேன்."

"அவருக்குக் கதையே மறந்துபோச்சு."

"ஆமா." அவள் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "சித்தப்பா பயந்து டீ போடாம விட்டதுதான் மிச்சம். கடைசியில சிலை நடக்குதுங்கிறதையே அப்பாவுக்குப் பைத்தியம்னு சொல்றதுக்குச் சாட்சியா ஆக்கிட்டார். காப்பாத்தப் போய் நானே மாட்டி வச்சிட்டேன். இப்ப நான்தான் வச்சேன்னு சொன்னா, பொண்ணுக்கும் பைத்தியம்பார். ஆதாரம் ஏதாவது இருக்கா என்கிட்ட?"

ஆந்தை வழக்கம் போலக் காத்திருந்தாள். இப்படி ஒரு இடத்தில் பின்னாலிருந்து ஒரு கிண்டல் வந்து விழும். ஏழு வருஷமாக விழுந்துகொண்டிருக்கிறது.

விழவில்லை.

திரும்பினாள். கதவருகே யாரும் இல்லை. படியில் ஏறும்போது வந்த அந்த ஒற்றை "ம்" நினைவுக்கு வந்தது. வராந்தாவில் விட்ட கொட்டாவி நினைவுக்கு வந்தது. நங்கூரம் போட்ட பெரிய கோப்பை நினைவுக்கு வந்தது.

"இருக்கு" என்றாள், படிகளை இரண்டிரண்டாகத் தாவியபடி. "ஆதாரம் கீழ உக்காந்திருக்கு."

கீழே டாக்டர் வந்திருந்தார். பருத்த உடம்பு, மெல்லிய குரல். தம்பி அவருக்கு அருகில் பணிவாக நின்று, ஒரு கண்ணை அண்ணன் மேலும் மறு கண்ணை மேஜையிலிருந்த காலிக் கோப்பை மேலும் வைத்திருந்தார். கோப்பையைப் பார்க்கும்போது முகத்தில் நிம்மதி. அண்ணனைப் பார்க்கும்போது குழப்பம். ஏனென்றால் கேப்டன் காலை அகட்டி நிமிர்ந்து நின்று, டாக்டருக்கு ஐந்து கால் காளையின் கதையைத் தங்குதடையில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அதிலும் புதுக் கதை.

"நாக்கெல்லாம் நல்லாத்தானே ஓடுது" என்றார் டாக்டர் தம்பியிடம்.

"கொஞ்சம் பொறுங்க டாக்டர். இன்னும் கொஞ்ச நேரத்துல பாருங்க."

"ஏன், கொஞ்ச நேரத்துல என்ன ஆகும்?" என்றாள் ஆந்தை படியிலிருந்து.

அவர் பதில் சொல்வதற்குள் சோபாவிலிருந்து ஒரு குரல் வந்தது. "மேடம்... இந்தத் தாடிக்காரன்... எனக்குக் கண்ணடிக்கிறான்..."

ரேடியோ தலையை ஒரு பக்கம் சாய்த்து, அலமாரியைப் பார்த்து வணக்கம் வைத்துக்கொண்டிருந்தான். வைத்த கை பாதியில் விழுந்தது. பின்னாலேயே அவனும் சரிந்தான்.

டாக்டர் எழுந்தார். மகள் ஓடி வந்தாள். கேப்டன் "ஏம்பா, என்னப்பா ஆச்சு?" என்று குனிந்தார்.

தம்பி மட்டும் அசையவில்லை. "அந்தக் கப்பை யார் குடிச்சது?" என்றார்.

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே கேட்டது.

ஆந்தை மரப் பெண்ணை மேஜையில் காலிக் கோப்பைக்கு அருகில், அதற்கு முதுகைக் காட்டி வைத்தாள். "ஒருத்தன் மயங்கி விழறான். அண்ணன் என்ன ஆச்சுன்னு கேக்கறார். டாக்டர் ஓடறார். நீங்க மட்டும் எந்தக் கப்னு கேக்கறீங்க. கப்புல என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் சார் அந்தக் கேள்வி வரும்."

டாக்டர் ரேடியோவின் இமையைத் தூக்கிப் பார்த்தார். நாடியைப் பிடித்தார். "தூக்க மருந்து மாதிரி இருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. சின்ன வயசு, தாங்குவான். இவர் வயசுல தினமும்னா..." கேப்டனைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டார். "நான் போலீஸைக் கூப்பிட வேண்டியிருக்கும்."

தம்பி சுவரோடு சாய்ந்தார். தேய்த்த சிரிப்பு கலைந்திருந்தது.

"கூப்பிடுங்க. முப்பது வருஷம் நீ கப்பல்ல இருந்தேண்ணா. ஓடு ஒழுகினா யார் ஏறினது? அண்ணிக்கு ஆஸ்பத்திரியில யார் உட்கார்ந்தது? உலகத்துல இருக்கிற காவல் சாமியெல்லாம் பொறுக்கிட்டு வந்து அலமாரியில வச்சே. இந்த வீட்டுக்குக் காவலா இருந்தவன் நான். எனக்கு ஒரு தட்டு ஒதுக்கினியா நீ?"

கேப்டன் அலமாரியைத் தட்டுத் தட்டாகப் பார்த்தார். கதை இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை.

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனேடா" என்றார் கடைசியில்.

"நீ எப்பண்ணா கேட்டே, யார் என்ன சொல்றாங்கன்னு?"

வாசலில் கல் சிங்கங்களைத் தாண்டி போலீஸ் ஜீப் வந்து, தம்பியை ஏற்றிக்கொண்டு போனது. போகும்போதும் அவர் அலமாரிப் பக்கம் திரும்பவில்லை.

வெளிச்சம் சாயும் நேரத்தில் ரேடியோ ஒரு கண்ணைத் திறந்தான். ஆந்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெகு நேரமாக அவன் கையைப் பிடித்திருந்ததை, அவன் விழித்ததும் விட்டுவிட்டாள்.

"மேடம்... கேஸ் என்ன ஆச்சு? நான் என்ன பண்ணேன்?"

"பேசாம இருந்தே. அதுலதான் கேஸே முடிஞ்சுது."

"அப்ப சம்பளத்தைக் கூட்டி..." என்று ஆரம்பித்து மறுபடி தூங்கிப்போனான்.

மேஜையில் மரப் பெண் இன்னும் காலிக் கோப்பைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மகள் கோப்பையைப் போலீஸ் கொடுத்த உறைக்குள் போட்டுவிட்டு, புதிதாக டீ போட்டுக்கொண்டு வந்தாள். அப்பாவின் முன்னால் வைத்தாள். ஒரு கணம் யோசித்துவிட்டு, சிலையை அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

கேப்டன் டீயைத் தொடவில்லை. கண்ணில்லாத அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நான் சொன்ன கதையா பாப்பா?"

"நீங்க சொன்னதுதான்பா. எனக்கு ஜுரம் வந்தப்ப."

"எனக்கு மறந்துபோச்சே." பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "உட்காரு. நீ சொல்லு, நான் கேக்கறேன்."

அவள் உட்கார்ந்தாள். "ஒரு தீவுல ஒரு ராஜா இருந்தானாம். அவனுக்கு யார் மேலயும் சந்தேகமே வராதாம்..."

கேப்டன் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"அப்புறம்?" என்றார்.